ஐஸ் வீட்டில் எஃபியின் பிறந்தநாள்

போர்ட்கெல்லி மீன் கம்பெனியில் வேலை முடிந்து பெண்கள் பேருந்தில் ஏறினால், முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் ஜன்னலைக் கொஞ்சமாய்த் திறந்துவிடுவார்கள். வாய் திறந்து யாரும் ஒன்றும் சொல்வதில்லை. வெளியே மழை சாய்த்து அடித்தாலும் ஜன்னல் மட்டும் திறக்கும். ரோனா அந்தப் பேருந்தில் ஏறுவதையே விட்டுவிட்டாள். துறைமுகத்திலிருந்து கரைமேட்டு வீடுகள் வரை, எதிர்காற்றில் தலையைக் குனிந்துகொண்டு நடந்தே வருவாள்.

ஹாடக் மீனைக் கீறி, முதுகுமுள்ளோடு கத்தியை ஓட்டி, இரண்டு பக்கச் சதையையும் பிய்யாமல் எடுத்துத் தட்டில் அடுக்குவது அவள் வேலை. மேசைமேல் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். ரப்பர் உறைக்குள் கம்பளி உறை போட்டாலும் மதியத்துக்குள் விரல்கள் யாருடையவோ போல் ஆகிவிடும். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலை கை கழுவுவது. சோப்பு, எலுமிச்சைத் தோல், காபித் தூள், பல் துலக்கும் பசை என்று ஒன்று மாற்றி ஒன்று போட்டுத் தேய்ப்பாள். மேசையில் அவளுக்கு எதிரே நின்று மீன் வெட்டும் இல்ஸே இதைக் கேட்டுச் சிரிப்பாள். லாத்வியாவிலிருந்து வந்து பல வருஷம் ஆனவள். பேச்சில் நெளிவு சுளிவு கிடையாது.

"என்னத்துக்கு இந்தப் பாடு? நாம மீன் வெட்டுறோம். ரோஜாப்பூ வெட்டினா ரோஜா மணக்கும்."

ரோனாவுக்கு அப்படிச் சொல்லிவிட்டுப் போக முடியவில்லை. மகள் எஃபி இலையுதிர் காலத்தில்தான் இந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தாள். அப்பா கிளாஸ்கோவில் வேறு குடும்பமாகிவிட, அம்மாவும் மகளும் ரோனாவின் அண்ணன் முர்டோ இருக்கும் ஊர் என்று இங்கே வந்தார்கள். சேர்ந்த மாதத்திலேயே ஒருநாள் எஃபி தன் கம்பளிச் சட்டையைத் தானே குளியல் தொட்டியில் போட்டு அலசிக்கொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டதற்கு, வகுப்பில் தன் பக்கத்தில் உட்கார்பவர்கள் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று, பெரிய விஷயமில்லை என்பது போலச் சொன்னாள். அழவில்லை. ரோனா கதவைச் சாத்திக்கொண்டு சமையலறையில் அழுதாள்.

எஃபி எதையும் கூர்ந்து பார்க்கிற பிள்ளை. குளிர்காலத்தில் பெத்தானி என்ற பெண்ணின் பிறந்தநாளுக்கு வகுப்பு முழுவதையும் ஹோட்டலுக்கு அழைத்திருந்தார்கள். அங்கே ஒற்றைக்கொம்புக் குதிரை ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தி, ஒவ்வொரு பிள்ளையையும் ஏற்றி ஒரு சுற்று வரச் செய்தார்கள். வீட்டுக்கு வந்த அன்றிரவு போர்வைக்குள் படுத்துக்கொண்டு எஃபி அம்மாவிடம் சொன்னாள்.

"அது சும்மா குதிரைதான்மா. கொம்ப எலாஸ்டிக் வச்சுக் கட்டியிருந்தாங்க. காதுக்குப் பின்னால பார்த்துட்டேன்."

"ஐயோ. யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல. எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்களே."

மே மாதத்தில் அவளுக்கு ஏழு முடிகிறது. என்ன வேண்டும் என்று கேட்டபோது ரொம்ப நேரம் யோசித்துவிட்டு, கடலுக்கடியில் ஓர் அரண்மனை வேண்டும் என்றாள். வகுப்பு முழுவதும் வர வேண்டும். அப்புறம் தயங்கி, தரையைப் பார்த்துக்கொண்டு ஒன்று சேர்த்துக்கொண்டாள். "மீன் வாசனை மட்டும் வேண்டாம்மா."

இதைக் கேட்டு முர்டோ ஒரு பாடு சிரித்தான். கடல் வேண்டுமாம், மீன் வேண்டாமாம், இவள் நிச்சயம் பெரிய அதிகாரியாகத்தான் வருவாள் என்றான். சிங்கிறால் பிடிக்கிறவன் அவன். சின்னப் படகு, தனி ஆள், கல்யாணம் ஆகாதவன். தங்கையும் மருமகளும் ஊருக்கு வந்த பிறகுதான் ஞாயிற்றுக்கிழமைகளில் முகச்சவரம் செய்துகொள்ள ஆரம்பித்திருந்தான்.

ரோனா மாதா கோயில் மண்டபத்தைச் சொல்லிவைத்தாள். வாடகை சொற்பம். மற்றதெல்லாம் கையால் செய்வது என்று முடிவு. போர்ட்கெல்லியில் ஒவ்வொரு புயல்காற்றுக்குப் பிறகும் தெருக் குப்பைத்தொட்டிகளில் உடைந்த குடைகள் காலைத் தூக்கிக்கொண்டு கிடக்கும். வசந்தம் முழுவதும் அவற்றைப் பொறுக்கிக்கொண்டு வந்தாள். கம்பியை நிமிர்த்தி, விளிம்பைச் சுற்றிலும் குமிழ் பிளாஸ்டிக்கை நீள நீளமாய் வெட்டித் தொங்கவிட்டால் அது ஜெல்லி மீன். கம்பெனியில் புதுசாய் வந்த தெர்மாகோல் பெட்டிகளை மேஸ்திரியிடம் கேட்டு வாங்கினாள். எடுப்பதற்கு முன் ஒவ்வொன்றையும் முகர்ந்து பார்த்தாள். மீன் கம்பெனியில் நின்றுகொண்டு மூக்கை வைத்துச் சாமான் பொறுக்குகிறவள் உலகத்திலேயே நீ ஒருத்திதான் என்றார் மேஸ்திரி. முர்டோ கொடுத்த வலையைத் திருப்பி அனுப்பிவிட்டு, தோட்டத்தில் பறவைக்குப் போடுகிற பச்சை வலையை வாங்கினாள். மீன்வலைக்குக் கட்டும் பழைய கண்ணாடி மிதவைகளைக் குளியல் தொட்டியில் போட்டுத் தேய்த்தாள். சிப்பி ஓடுகளை வேகவைத்து, வெயிலில் காயவைத்து, மறுபடி வேகவைத்தாள். இவையெல்லாம் அவள் கட்டிலுக்கடியிலும் இல்ஸேயின் அலமாரி மேலும் சேர்ந்துகொண்டே வந்தன. எஃபி கண்ணில் ஒன்றும் படவில்லை.

சனிக்கிழமை விழா. அந்த வாரத்தின் நடுவில், ஒரு நல்ல மழைக்குப் பிறகு, மண்டபத்துக் கூரையின் சுண்ணாம்புப் பூச்சு பாளம் பாளமாய் விழுந்துவிட்டது. ஆள் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் கதவில் பூட்டும், வாசலில் சிவப்பு நாடாவும் ஏறிவிட்டன. தகவல் வந்தபோது ரோனா கத்தியும் கையுமாய் மேசையருகே நின்றிருந்தாள். பள்ளிக்கூட மண்டபம் சனிக்கிழமை திறக்காது. தீயணைப்பு நிலையத்து அறை வேறு யாருக்கோ. தன் வீடோ, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் பக்கவாட்டில் திரும்ப வேண்டிய வீடு. இதையெல்லாம் அன்று மாலை முர்டோவிடம் சொல்லி, அழைப்பு அட்டை வாங்கிய வீடுகளுக்கெல்லாம் போன் போட்டு வர வேண்டாம் என்று சொல்லிவிடப் போகிறேன் என்றாள்.

முர்டோ தேநீரை முழுக்கக் குடித்து முடித்தான். பிறகு, ஐஸ் வீடு இருக்கிறதே என்றான்.

அந்தக் காலத்தில் சால்மன் மீனை லண்டனுக்கு அனுப்புவதற்காகக் குளிர்காலத்து ஐஸை வெட்டிச் சேர்த்துவைத்த கல் கட்டடம் அது. கடற்கரை மேட்டுக்குள் பாதி புதைந்து, கூரைமேல் புல் மூடி, தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு திட்டு போலத்தான் தெரியும். ஜன்னல் என்று ஒன்றும் கிடையாது. கடலைப் பார்த்து ஒரே ஒரு பலகைக் கதவு. உள்ளே வளைவுக் கூரை. முர்டோ தன் சிங்கிறால் கூடுகளை அதில் போட்டு வைத்திருந்தான்.

"அங்கயா? பொணத்த வைக்கிற எடம் மாதிரி இருக்கும்."

"கடலுக்கு அடியிலயும் இருட்டும் குளிரும்தான். வந்து பாரேன்."

இல்ஸேயையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தார்கள். இருட்டும் ஈரமும் குளிரும். கூடுகளிலிருந்து வீசிய இரைக்கு வைத்த பழைய மீனின் நாற்றம் முகத்தில் அடித்தது. ரோனா திரும்பி நடந்தாள். இல்ஸே அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். கூட்டை வெளியே எடு, தண்ணீர் ஊற்று, அப்புறம் மூக்கைக் காட்டு என்றாள்.

அடுத்த இரண்டு மாலைகளும் அதிலேயே போயின. கூடுகளை மணலில் அடுக்கினார்கள். வாளி வாளியாகக் கடல்நீர் மொண்டு கல்தரையைத் தேய்த்தார்கள். பிளீச்சிங் பவுடர் போட்டார்கள். சுவரில் சுண்ணாம்பு அடிக்க நேரமில்லாததால், ஹோட்டல் சலவைக் கூடத்தில் கழித்துப்போட்ட வெள்ளைப் படுக்கை விரிப்புகளை இல்ஸே ஒரு மூட்டை கொண்டுவந்தாள். பின்சுவர் முழுவதும், வளைவுக் கூரையோடு பாதித் தூரமும் அவற்றைச் சேர்த்துத் தைத்துக் கட்டினார்கள். குடைகள் தொங்கின. தெர்மாகோல் பெட்டிகள் தூண்களாயின. முர்டோ தன் படகு பேட்டரியிலிருந்து கம்பி இழுத்து நீல பல்புச் சரம் போட்டான். விளக்கை ஏற்றியதும் மூவரும் வாசலில் நின்று பார்த்தார்கள். மோசமில்லை. ரோனா கடைசியாக உள்ளே போய், நடுவில் நின்று, கண்ணை மூடிக்கொண்டு ஆழமாக மூச்சை இழுத்தாள். கல்லிலிருந்து இன்னும் கொஞ்சம் வந்தது. நூறு வருஷமாய் ஊறியது, போகாது.

"இருக்கு" என்றாள்.

"கொஞ்சூண்டு" என்றாள் இல்ஸே. "பிள்ளைங்களுக்கு மூக்கு சின்னது."

சனிக்கிழமை விடிந்தபோது ஊரையே காணவில்லை. கடலிலிருந்து ஹார் ஏறியிருந்தது. வசந்தத்தில் அந்தக் கரையில் வரும் மூடுபனிக்கு அதுதான் பெயர். வந்தால் கடலைவிட்டுத் தள்ளியுள்ள ஊர்களில் நல்ல வெயில் இருக்கும்போது கரையில் மட்டும் ஈரத்துணி போல நாள்கணக்கில் கிடக்கும். ரோனா ஜன்னலருகில் நின்று அதைப் பார்த்தாள். எதிர்வீட்டுக் கதவு தெரியவில்லை. எஃபி பச்சைப் பாவாடையும் சிப்பி ஒட்டிய கிரீடமுமாய்த் தயாராக நின்று, இன்றைக்கும் கை கழுவினாயா என்று கேட்கவில்லை. ஆனால் அம்மாவின் கையைப் பார்த்தாள். ரோனா மறுபடி போய்க் கழுவினாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கார்கள் ஒவ்வொன்றாய் விளக்குப் போட்டுக்கொண்டு மேட்டுச் சாலையில் வந்து நின்றன. பெற்றோர் பிள்ளைகளைக் கையில் பிடித்துப் புல்சரிவில் இறக்கினார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. அந்த மரியாதைதான் ரோனாவை அறுத்தது. பெத்தானியின் அம்மா கெயில் வெளிர்நிறக் கோட்டில் வந்து, பனியில் புதைந்து நின்ற கல்வாசலைப் பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்குக் குளிராதா என்று மட்டும் கேட்டாள். பிறகு தன் கம்பளித் துணியைக் கழற்றி மகள் கழுத்தில் இன்னொரு சுற்றுச் சுற்றினாள்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. நீல வெளிச்சத்தில் குடைகள் மெதுவாய்ச் சுழல, பிள்ளைகள் வாயைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார்கள். எஃபி அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காக இன்னொரு வசந்தம் முழுக்கக் குப்பைத்தொட்டி கிளறலாம் என்று ரோனாவுக்குத் தோன்றியது. நீல ஜெல்லி சாப்பிட்டார்கள். சிப்பி ஓட்டில் வைத்த சாண்ட்விச்சைப் பாதி சாப்பிட்டுப் பாதி கீழே போட்டார்கள். பிறகு, சுறா வந்தால் எல்லோரும் பாறைக்கு ஓட வேண்டும் என்கிற விளையாட்டு. சுறாவாக இருந்த ஃபின்லே என்ற சின்னப் பையன் துரத்தி வந்த வேகத்தில் கம்பியில் கால் மாட்டி விழுந்தான். டப் என்று ஒரு சத்தம். விளக்குகள் அணைந்தன.

அடி ஒன்றும் இல்லை. முர்டோ கம்பியைத் தடவிப் பார்த்துவிட்டு, பேட்டரி போய்விட்டது, வண்டியில் இன்னொன்று இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று கதவை அகலத் திறந்துவைத்துவிட்டு மேட்டில் ஏறிப் போனான்.

திறந்த கதவு வழியே ஹாரின் சாம்பல் வெளிச்சம் உள்ளே வந்தது. அதில் எது எதுவோ அது அதுவாகவே தெரிந்தது. விரிப்பில் ஹோட்டல் பெயர் அச்சு. தெர்மாகோல் பெட்டியின் அடியில் கம்பெனி முத்திரை.

"இதெல்லாம் குடை" என்றாள் பெத்தானி. பொல்லாத குரலில் அல்ல. கண்டுபிடித்த குரலில். "உடைஞ்ச குடை. இது மீன் பெட்டி."

யாரோ ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள். "அதான் எஃபி வீட்டு வாசனை வருது."

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். எஃபி கிரீடத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அதன் உட்புறத்தைப் பார்த்தாள், அங்கே ஏதோ எழுதியிருப்பது போல. ரோனா வாயைத் திறந்தாள். மேற்கிலிருந்து வீசத் திரும்பிய காற்று அந்த நேரத்தில்தான் சரிவில் இறங்கிவந்து கதவை அறைந்து சாத்தியது. வெளிப்பக்கத்துக் கொண்டி தானாகவே கிணுக்கென்று விழுந்தது.

அப்படியோர் இருட்டை அந்தப் பிள்ளைகள் பார்த்ததில்லை. முன்னால் நீட்டிய கை தெரியவில்லை. ஒரு பிள்ளை அழ ஆரம்பித்தது, உடனே இன்னொன்று. ரோனா சுவரைத் தடவிக்கொண்டே போய்க் கதவைத் தள்ளினாள். அசையவில்லை. அடுத்தவர் பிள்ளைகளை ஒரு குழிக்குள் வைத்துப் பூட்டியாயிற்று. ஆனாலும் குரலை இறக்கி, முர்டோ மாமா இதோ வந்துவிடுவார், எல்லோரும் அப்படியே உட்காருங்கள், பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்றாள். இல்ஸே தன் ஊர்த் தாலாட்டு ஒன்றை மெல்ல முனகினாள். அழுகை விசும்பலாக இறங்கியது. அவர்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

முதலில் அது வந்தது யாருக்கும் தெரியவில்லை. பின்சுவர் விரிப்பில் பால் சிந்தினாற்போல் ஒரு வெளுப்பு. கண் ஏமாற்றுகிறது என்று ரோனா இமைத்துப் பார்த்தாள். வெளுப்பு பரவியது. வெளியே மேற்குக் காற்று ஹாரைக் கரையிலிருந்து உரித்துக்கொண்டிருந்தது அவளுக்குத் தெரியாது. அவள் கண்டதெல்லாம், அந்த வெளுப்பின் அடியிலிருந்து ஒரு நீலம் ஊறி வந்ததைத்தான். அது சுவரில் ஏறி, வளைவோடு வளைந்து, தலைக்கு மேலே வந்தது. பிறகு அந்த நீலம் அசைந்தது.

கடல். சந்தேகமே இல்லை, கடல்தான். கூரை நெடுகக் கடல் ஓடிக்கொண்டிருந்தது. அலைகள் வெள்ளை விளிம்போடு ஒன்றன்பின் ஒன்றாய் மேலே ஊர்ந்து, உச்சியில் மணலைத் தொட்டு, உடைந்து, திரும்பின. வெயில் பட்ட இடமெல்லாம் மினுங்கியது. கடலுக்குக் கீழே, பிள்ளைகளின் தோளுயரத்திலிருந்து தரைவரை, வானம். அதில் மேகங்கள் அடி மேலாய் மிதந்தன. ஒரு கடற்பறவை முதுகைத் தரைக்குக் காட்டிக்கொண்டு, சத்தமே இல்லாமல், பெத்தானியின் வெளிர்ச் சட்டையின் குறுக்கே பறந்து போயிற்று.

எந்த வேலையிலும் வாய் ஓயாத இல்ஸே தாலாட்டை நடுவில் விட்டிருந்தாள். ரோனாவின் உடம்பு முழுவதும் சிலிர்த்தது. கோயிலில்கூட அவளுக்கு இப்படி ஆனதில்லை. கூரையில் போகும் அலையையே பார்த்துக்கொண்டு, சத்தம் போட்டால் போய்விடுமோ என்று அப்படியே நின்றாள்.

கடைசியில் ஃபின்லேதான் பேசினான். கிசுகிசுப்பாய். "நாம அடியில இருக்கோம்."

"கடலுக்கு அடியில."

"வாசனைகூட வருது" என்றது இருட்டில் இன்னொரு குரல், அதே கிசுகிசுப்பில். மூக்கால் மூச்சை இழுக்கும் ஓசைகள் வரிசையாகக் கேட்டன. இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை.

எஃபி எழுந்திருந்தாள். ரோனாவுக்கு அவள் நிழல் மட்டும் தெரிந்தது. அது கூரையைப் பார்க்கவில்லை. திரும்பிக் கதவுப் பக்கம் போயிற்று. பழைய பூட்டைக் கழற்றிய இடத்தில் பலகையில் கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தது. அதில் ஊசிபோல வெயில் நின்றது. எஃபி உள்ளங்கையை அதன்மேல் வைத்தாள். கடல் போய்விட்டது. அத்தனை பிள்ளைகளும் ஒரே குரலில் ஐயோ என்றார்கள். கையை எடுத்தாள். கடல் வந்தது.

"மெஷினா?" என்று கேட்டாள் பெத்தானி.

"இல்ல, வெறும் ஓட்டை." எஃபி இன்னொரு முறை மூடித் திறந்தாள். "வெளிய இருக்கிறது எல்லாம் இது வழியா உள்ள வருது. வந்து பாரு. நீயே மூடிப் பாரு."

பெத்தானி தடவிக்கொண்டே வந்து மூடினாள், திறந்தாள். பிறகு வரிசை கட்டி ஒவ்வொருவராய் வந்து கடலை அணைத்தார்கள், ஏற்றினார்கள். எப்படி நடக்கிறது என்று தெரிந்துவிட்ட பிறகும் ஒவ்வொரு முறையும் அந்தப் பெருமூச்சு வந்துகொண்டே இருந்தது. எஃபி இருட்டில் அம்மாவைத் தேடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

"நீயாம்மா இதப் பண்ணினே?"

ஆமாம் என்று சொல்ல ரோனாவுக்கு ஒரு கணம் நாக்கு வரை வந்தது. "இல்லடா கண்ணு. எனக்குத் தெரியவே தெரியாது. தானா வந்துச்சு."

எஃபி யோசித்தாள். "அப்ப இன்னும் நல்லது" என்றாள்.

அப்போது கூரையில் ஒரு மனிதன் வந்தான். கால்கள் உச்சி மணலில் ஒட்டிக்கொண்டிருக்க, தலை கீழே தொங்க, தோளில் பேட்டரியோடு அவன் கடலின் ஓரமாய் நடந்தான். பிள்ளைகள் போட்ட கூச்சலில் கல் அதிர்ந்தது. கொண்டி விலகி, கதவு திறந்து, வெயில் உள்ளே பாய, முர்டோ பதறிப்போய் நின்றான். யாருக்கு என்ன ஆயிற்று என்று அவன் கேட்பதற்குள் அத்தனை பேரும் அவனைப் பார்த்துக் கத்தினார்கள், கதவை மூடு என்று.

அவனையும் உள்ளே இழுத்துப் போட்டுத்தான் மூடினார்கள். அவன் கூரையை அண்ணாந்து பார்த்தான். பிறகு, இத்தனை வருஷமாய் இந்தக் கதவைத் திறந்து கூடு போட்டிருக்கிறேன், கூடு எடுத்திருக்கிறேன், ஒருநாளும் உள்ளே நின்று சாத்திக்கொண்டதில்லை என்றான். சாத்த என்ன வேலை என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

அதன்பிறகு விழா தன்பாட்டில் நடந்தது. பாதிப் பிள்ளைகள் வெளியே ஓடி மணலில் குதித்தார்கள், பாதி உள்ளே இருந்து கூரையில் அவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள், பிறகு இடம் மாறிக்கொண்டார்கள். பேட்டரியை யாரும் கேட்கவில்லை. குங்குமப்பூ போட்டு மஞ்சளாய்ச் சுட்ட, கயிற்று முடிச்சுபோல் முறுக்கிய பெரிய இனிப்பு ரொட்டியை இல்ஸே கொண்டுவந்தாள். லாத்வியாவில் பிறந்தநாளுக்கு அதுதான். எஃபியை நாற்காலியில் உட்காரவைத்து, வயசுக்கு ஒரு தடவையாக முர்டோவும் இல்ஸேயும் வெயிலில் தூக்கிப் போட்டார்கள். ஒவ்வொரு தடவையும் பிள்ளைகள் எண்ணிச் சத்தம் போட்டார்கள். கடைசித் தூக்கலில் இரண்டு பேருக்குமே மூச்சு வாங்கியது. முர்டோ அவளிடம், உங்கள் ஊரில் அறுபது வயதானவனை என்ன செய்வீர்கள் என்று கேட்டான். ஆளைப் பார்த்து முடிவு செய்வோம் என்றாள் இல்ஸே.

அழைத்துப்போக வந்த பெற்றோர்களைப் பிள்ளைகள் விடவில்லை. கையைப் பிடித்து இழுத்துவந்து உட்காரவைத்து, பேசக் கூடாது என்று சொல்லி, கதவைச் சாத்தினார்கள். கண் பழக வேண்டும், பொறுங்கள் என்று பெத்தானி எல்லோருக்கும் விளக்கினாள். கெயில் தன் வெளிர்நிறக் கோட்டோடு ஒரு தெர்மாகோல் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். கூரையில் கடல் ஓடியது. கொஞ்ச நேரம் கழித்து அவள் ரோனாவின் பக்கம் குனிந்தாள்.

"எங்கப்பா இங்கதான் சால்மன் வலை போட்டாரு. சாப்பாடு கொண்டு வருவேன். வாசல்லயே வச்சிட்டு ஓடிடுவேன், உள்ள நாறும்னு." கூரையைக் காட்டினாள். "அவருக்கு இது தெரிஞ்சிருக்குமா?"

தெரிந்திருக்கும் என்று ரோனா சொன்னாள். மதியத்தில் வெயிலுக்கு ஒதுங்கிக் கதவைச் சாத்திப் படுத்திருந்தால் நிச்சயம் பார்த்திருப்பார் என்றாள். கெயில் தலையசைத்துவிட்டு மறுபடி மேலே பார்த்தாள். கோட்டு ஈரக் கல்லில் உரசுவதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

கடல் வற்ற ஆரம்பித்து, கூரையில் மணல் அகலமாகிக்கொண்டு வந்தது. கிளம்ப யாருக்கும் மனமில்லை. எஃபி அம்மாவின் கையைப் பிடித்துக் கதவுப் பக்கம் இழுத்தாள்.

"நீ வெளிய போம்மா."

"ஏன்?"

"எல்லாரையும் பார்த்தாச்சு. முர்டோ மாமா, இல்ஸே, ஃபின்லே, எல்லாரும் மேல வந்துட்டாங்க. நீ மட்டும் வரல."

"நான் எதுக்குடி, இங்க சாமான் எல்லாம் எடுக்கணும்."

"நான் பாக்கணும். எல்லாரும் பாக்கணும். போ."

ரோனா வெளியே வந்தாள். பின்னால் கதவு சாத்திக்கொண்டது. இருட்டிலிருந்து வந்த கண்ணுக்கு வெயில் கூசியது. கழுவிவிட்டாற்போல் இருந்த வானத்தின் கீழே கடல் தன் நிலையில், காலுக்குக் கீழாக, நேராகக் கிடந்தது. அவள் சரிவில் இறங்கி மணலில் நின்று திரும்பிப் பார்த்தாள். புல் மூடிய ஒரு மேடு, ஒரு பழைய பலகைக் கதவு, அதில் ஒரு கறுப்புப் புள்ளி. உள்ளே அத்தனை பேர் இருக்கிறார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. சத்தமே இல்லை.

எங்கே நிற்க வேண்டும் என்று தெரியாமல் இரண்டடி இடப்பக்கம் நகர்ந்தாள். கையை உயர்த்தி அசைத்தாள். ஒன்றும் கேட்கவில்லை. நனைந்த முன்துணியை அவிழ்த்துத் தோளில் போட்டாள். கால் எதற்கோ தானாகவே ஒரு சின்ன எட்டு வைத்தது. இன்னொன்று வைத்தது. அப்போது கதவுக்குப் பின்னால் அத்தனை பேரும் சேர்ந்து ஹோ என்று எழுப்பிய சத்தம் மேட்டைத் துளைத்துக்கொண்டு வந்தது. அதில் எஃபியின் குரல் எது என்று ரோனாவுக்குத் தனியாகத் தெரிந்தது. கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, அந்தக் கறுப்புப் புள்ளியைப் பார்த்து, கைகளை அகல விரித்து அவள் ஆட ஆரம்பித்தாள்.